குடித்த கை பிடித்த சக்கரம்

கரும்புத் தோகை கீறிய கைகளோடு, கம்பீரம் குறையாமல் இந்தத் தலைமை நாற்காலியில் அமர்ந்திருக்கும் திரு. சுப்ரமணியன் அவர்களே! கருங்கல்லைத் தோளில் சுமந்து வந்து இந்தக் கோயிலை எழுப்பிய பெரியோர்களே! விடியுமுன் வயலுக்கும், விளக்கேற்றும் வேளைக்கு வீட்டுக்கும், நடுவே சந்தைக்குமாக நடந்து நடந்தே எங்களை நிமிர்த்திய தாய்மார்களே! எல்லாருக்கும் பின்னால், லாரிகளின் மட்கார்டில் சாய்ந்தபடி, 'இந்த மனிதர் எப்போது முடிப்பார், எப்போது அன்னதானம் தொடங்கும்' என்று பார்த்துக்கொண்டிருக்கும் என் அருமை இளைஞர்களே! உங்கள் அத்தனை பேருக்கும் இந்த இராமசந்திரனின் வணக்கம், வாழ்த்து, வந்தனம்!

நான் சுயாக் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளன். தமிழில் சொல்வதைத் துரைமாருக்கும், துரைமார் சொல்வதைத் தமிழருக்கும் எடுத்துச் சொல்வது என் தொழில். கோபத்தோடு சொன்னாலும் குளிர்ந்த குரலில் சொல்ல வேண்டும். அழுதுகொண்டே சொன்னாலும் அசையாமல் சொல்ல வேண்டும். அப்படிப்பட்ட என்னைத் தலைவர் பேச அழைத்திருக்கிறார். இன்று எனக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்!

நாளை கரும்பு வெட்டு தொடங்குகிறது. இன்று லாரிகளுக்குப் பூஜை. வரும் வழியில் பார்த்தேன். எத்தனை அழகு! எந்திரத்தின் நெற்றியிலே விபூதி, கழுத்திலே சாமந்தி, சக்கரத்தின் கீழே எலுமிச்சம்பழம்! நம் பாட்டனார் காலத்தில் தலையில் சுமந்தோம். நம் தந்தையார் காலத்தில் மாட்டு வண்டியில் இழுத்தோம். இன்றோ, இருபது வயதுப் பிள்ளை ஒருவன் உட்கார்ந்து, காலால் ஒரு மிதி மிதித்தால், ஒரு வயலே எழுந்து ஆலைக்கு ஓடுகிறது! வியக்காமல் இருக்க முடியுமா? மலைக்காமல் இருக்க முடியுமா? கை தட்டுங்கள், தட்டத் தகுந்ததுதான்!

ஆனால் தம்பிகளே, அந்த மலைப்பிலே ஒரு பயமும் கலந்திருக்க வேண்டும். மாடு குடிப்பதில்லை. வண்டிக்காரன் குடித்துத் தூங்கினாலும் மாடு வழி பார்த்து வீடு சேர்க்கும். லாரிக்குக் கண் இருக்கிறதா? காது இருக்கிறதா? அதற்குள்ள கண் உன் கண். அதற்குள்ள காது உன் காது. அந்தக் கண்ணிலே ரம்மை ஊற்றிவிட்டால் அந்த இரும்பு மலைக்கு யார் வழி காட்டுவது?

என்ன தம்பி? அங்கே, சிவப்புத் துண்டு! என்ன சொன்னாய்? 'கொஞ்சம் போட்டாத்தான் கை நல்லா ஓடும்' என்றா? சிரியுங்கள், சிரியுங்கள். இதே வார்த்தையை இதற்கு முன் ஒருவர் சொன்னார். அவர் கதையைத்தான் சொல்ல வந்திருக்கிறேன். அவர் பெயர் நாகலிங்கம்.

ஆகா, முணுமுணுப்பு கேட்கிறது. 'நம்ம நாகலிங்கமா? பேரைச் சொல்லலாமா?' என்று. நேற்று முன்தினம் அவரைப் பார்க்கப் போனேன். கரும்புக் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். "தம்பி, உன் பேரை விட்டுட்டு, யாரோ ஒருத்தர்னு சொல்லிடறேன்" என்றேன். அவர் கத்தியைக் கீழே வைத்தார். "வேணாங்கய்யா. பேரைச் சொல்லுங்க. யாரோ ஒருத்தன்னா பசங்க தப்பிச்சுக்குவானுங்க. நாகலிங்கம்னா, 'அட, நம்மகூடப் பந்து வெளையாடினவனாச்சே'ன்னு நெனைப்பானுங்க" என்றார். ஆகவே சொல்கிறேன்.

இந்த வட்டாரத்துத் தமிழ்ப் பிள்ளைகளில் லாரி ஓட்டும் உரிமத்தை முதலில் வாங்கியவர் நாகலிங்கம். நினைவிருக்கிறதா? நம் தீவின் தலைநகர் போர்ட் லூயிஸ் போய்ச் சோதனை கொடுத்து, உரிமத்தோடு ஊர் திரும்பிய அன்று, அவர் தாயார் கோவிந்தம்மாள் அந்தக் காகிதத்துக்குக் குங்குமம் வைத்தார். தகப்பன் இல்லாத வீடு. தங்கை பாக்கியத்துக்கு மாப்பிள்ளை பேசியிருந்தார்கள். கரும்பு வெட்டு முடிந்ததும் கல்யாணம். எல்லாம் அந்த ஒரு சக்கரத்தை நம்பி! அந்த இரண்டு கைகளை நம்பி!

ஒரு சனிக்கிழமை. பட்டப்பகல். கடைசிச் சுமையை ஆலையில் இறக்கியாயிற்று. வெறும் லாரி. நாகலிங்கமும், பாரம் ஏற்றும் பொன்னுசாமியும் சீனர் கடைக்குப் போனார்கள். போன இடத்தில் ஒரு தோப்பெத். நம் பிள்ளைகளுக்கு விளக்க வேண்டாம், தாய்மார்களுக்காகச் சொல்கிறேன்: ரம் அடைத்த சிறு குப்பி. ஒன்று முடிந்தது. இன்னொன்று வந்தது. அதில் பாதி வயிற்றுக்குப் போனது, பாதி பொன்னுசாமியின் சட்டைப் பைக்குப் போனது.

சந்தையில் கீரை விற்று முடித்த பாக்கியம், அண்ணன் லாரியில் வீடு போகலாம் என்று வந்தாள். ஏறும்போதே வாடை அடித்தது.

"அண்ணே, குடிச்சிருக்கே. எறங்கு, நடந்து போயிடலாம்."

"ரெண்டு வாய் ரம்முடி. கை நடுங்குதா பாரு! கொஞ்சம் போட்டாத்தான் கை நல்லா ஓடும்."

கேட்டாயா, சிவப்புத் துண்டுத் தம்பி? அதே வார்த்தை!

அவர் கை நடுங்கவில்லை, ஐயா. அதுதான் ரம்மின் வஞ்சகம். கையை நடுங்க விடாது, காலைத் தள்ளாட விடாது, கணக்கை மட்டும் கலைத்துவிடும். தூரத்தில் இருப்பது பக்கத்தில் வந்துவிட்டது தெரியாது. பக்கத்தில் வந்தது மேலே ஏறிவிட்டது தெரியாது. 'நான் நன்றாகத்தான் இருக்கிறேன்' என்று அதுவே நம் வாயால் பேசும்!

சவான் ஆற்றுப் பாலத்துக்கு இறங்கும் சரிவு உங்களுக்குத் தெரியும். அந்தத் திருப்பத்தில் சாலையின் பள்ளத்துக்குக் கல் நிரப்பிக்கொண்டிருந்தார் ஒரு சாலைத் தொழிலாளி. கிரியோல்காரர். பெயர் க்ளெமான். சுயாக் கடற்கரையில் வீடு. மனைவி இவெட், இரண்டு பெண் குழந்தைகள். லாரி வரும் சத்தம் கேட்டு நிமிர்ந்தார். சிவப்புக் கொடியை எடுத்து ஆட்டினார். பாக்கியம் பார்த்தாள். "அண்ணே, ஆளு! ஆளு!" என்று அலறினாள். அண்ணனும் பார்த்தார். கால் போக வேண்டிய இடத்துக்குப் போனது. ஆனால் போக வேண்டிய நேரத்துக்குப் போகவில்லை.

அவ்வளவுதான். அந்தத் தாமதத்துக்கு ஒரு மனிதன்.

லாரி அவரை அடித்துத் தள்ளி, கல் குவியலில் மோதி நின்றது. நாகலிங்கம் சக்கரத்தைப் பிடித்தபடி, "யாரு? யாரு அது?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார், இறங்கவில்லை. இறங்கி ஓடியது பாக்கியம். க்ளெமானின் தலையை மடியில் தூக்கி வைத்தாள். வெயில் அவர் முகத்தில் விழுந்தது. "மோ ஸாப்போ" என்றார். என் தொப்பி என்று பொருள். பக்கத்தில் கிடந்த ஓலைத் தொப்பியைக் கை நீட்டி எடுத்து அவர் முகத்துக்கு நிழல் பிடித்தாள். அந்த நிழலிலேயே அவர் உயிர் போயிற்று.

இதற்குப் பிறகு நடந்ததைக் கேளுங்கள். பொன்னுசாமி கெட்டவர் அல்லர். நாகலிங்கத்தைத் தூக்கி வளர்த்தவர். அந்தப் பாசத்தில் செய்தார். சட்டைப் பையில் இருந்த பாதி ரம்மை எடுத்தார், இறந்து கிடந்தவரின் சட்டையில் ஊற்றினார், குப்பியை அவர் கையருகே வைத்தார். "பாக்கியம், நீ ஒண்ணும் பாக்கலை. இவன் குடிச்சுட்டு ரோட்டுல படுத்துக் கெடந்தான். புரியுதா? உன் அண்ணன் வாழ்க்கை, உன் கல்யாணம், எல்லாம் உன் வாயிலதான் இருக்கு" என்றார்.

போலீசார் வந்தார்கள். நாகலிங்கத்தின் வாயில் ரம் வாடை. "பயந்து போயிட்டான், தெம்புக்கு இப்பத்தான் ஒரு வாய் குடுத்தோம்" என்றார் பொன்னுசாமி. கச்சிதமான பொய்! நீதிமன்றத்தில் எத்தனையோ பொய்களைக் கேட்டவன் நான், அந்தப் பொய்க்கு ஒரு குறை சொல்ல முடியாது.

க்ளெமான் குடிகாரன் என்று ஊர் முழுக்கப் பேச்சு. பாக்கியம் கீரை விற்கும் சந்தைக்குத்தான் இவெட்டும் மீன் வாங்க வருவாள். ஒரு நாள் மீன்காரி ஒருத்தி, "குடிச்சுட்டு ரோட்டுல படுத்தா லாரி என்ன பண்ணும்?" என்றாள். இவெட் கத்தவில்லை. சண்டை போடவில்லை. "என் புருஷன் மாதா கோயில் பூசையில குடுக்கிற திராட்சை ரசத்தைக்கூட உதட்டுலதான் தொடுவாரு" என்று மெல்லச் சொன்னாள். மீனைக் கீழே வைத்துவிட்டு, தன் இரண்டு பெண்களையும் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். கீரைக் கட்டுகளுக்குப் பின்னால் உட்கார்ந்து பாக்கியம் அதைக் கேட்டாள்.

வழக்கு எங்கள் சுயாக் நீதிமன்றத்துக்கு வந்தது. லாரி முதலாளி போர்ட் லூயிஸிலிருந்து பெரிய வக்கீலை வைத்தார். பொன்னுசாமி சாட்சி சொன்னார். 'குடித்துவிட்டுச் சாலையில் படுத்திருந்தான்.' அடுத்த சாட்சி யார்? நம் பாக்கியம்! அண்ணனைக் காப்பாற்ற, அண்ணன் பக்கத்தில் இருந்து அழைக்கப்பட்ட சாட்சி. முன்வரிசையில் தாயார் கோவிந்தம்மாள். பின்வரிசையில் கறுப்புடையில் இவெட்.

அவளுக்கு அப்போது வயது பத்தொன்பது. கூண்டின் விளிம்பு அவள் நெஞ்சளவுக்கு இருந்தது. நான் கேட்டேன்: "கிரியோல்ல சொல்றியாம்மா, தமிழ்ல சொல்றியா?"

"தமிழ்லங்கய்யா. அம்மாவுக்கு ஒரு வார்த்தை விடாமப் புரியணும்."

உண்மையே பேசுவேன் என்று கை உயர்த்தி உறுதி சொன்னாள். வக்கீல் எழுந்தார். நான் தமிழில் கேட்டேன்: "சாலையில் படுத்துக் கிடந்த மனிதரைப் பார்த்தாயா?"

"படுத்துக் கெடக்கலைங்க. நின்னுக்கிட்டிருந்தாரு. செவப்புக் கொடியை ஆட்டினாரு. அவரு குடிக்கலை. குடிச்சது எங்க அண்ணன். அந்தக் குப்பி எங்க லாரியில வந்த குப்பி."

பெரியோர்களே! ஆயிரம் சாட்சிகளின் சொல் என் வாய் வழியாகப் போயிருக்கிறது. அன்று அந்த ஆறு வாக்கியங்களை வேறு மொழியில் சொல்லத் தொடங்கி, நடுவே நின்றுவிட்டேன். என் தொழிலில் அதுவே முதல் தடவை. நீதிபதி என்னைப் பார்த்தார். முதலிலிருந்து மறுபடி சொன்னேன்.

வக்கீல் முகம் சிவந்தது. "உன் அண்ணன்மேல் உனக்கு என்ன பகை?" என்றார்.

"பகையா? காலையில அவருக்குச் சோறு போட்டுட்டுத்தானே வந்தேன்."

"இப்படிச் சொன்னால் அவர் சிறைக்குப் போவார் என்று தெரியுமா?"

"தெரியும். செத்தவருக்கு ரெண்டு பொண்ணுங்க. குடிகாரன் பெத்ததுங்கன்னு அதுங்களை ஊரு சொல்லுது. அந்தப் பேரு அதுங்களோடது இல்லை. எங்க வீட்டோடது."

எங்க வீட்டோடது! கேட்டீர்களா? புகழ் வந்தால் எங்கள் வீட்டுடையது என்பவர் ஆயிரம் பேர். பழி வந்தபோது, தெருவில் கிடந்த பழியை, அடுத்தவர் வாசலில் யாரோ கொட்டிவிட்டுப் போன பழியை, போய் இரண்டு கையாலும் அள்ளி, 'இது எங்கள் வீட்டுடையது' என்று கொண்டுவந்தவள் அவள் ஒருத்திதான், நான் கண்டது! எந்தப் பள்ளிக்கூடம் கற்றுக்கொடுத்தது அதை? எந்தப் படை துணை நின்றது அவளுக்கு? என் எதிரே நின்றது கீரை விற்கும் பெண்தானா? என் கைகள் மேசைக்குக் கீழே தாமாகவே கூப்பிக்கொண்டன.

அப்போது குற்றவாளிக் கூண்டில் ஓர் அசைவு. நாகலிங்கம் எழுந்து நின்றார். வக்கீல் உட்காரச் சொல்லிக் கை காட்டினார். அவர் உட்காரவில்லை. "ஐயா, என் தங்கச்சி சொல்றது நெசம். நான் குடிச்சேன். அவ எறங்கச் சொன்னா, நான் எறங்கலை" என்றார்.

தம்பிகளே, இனிச் சட்டம் என்ன செய்தது என்று கேட்டுக்கொள்ளுங்கள். தமிழ் அரைகுறையாகப் புரிகிறவர்களுக்குப் பக்கத்தில் இருப்பவர் கிரியோலில் சொல்லுங்கள், ஏனென்றால் இது எல்லார் காதிலும் ஏற வேண்டும். கவனமில்லாமல் ஓர் உயிரைப் போக்கிய குற்றத்துக்குச் சிறை. போதையில் வண்டி ஓட்டியதற்கு அதன்மேல் தண்டம். குங்குமம் வைத்த அந்த உரிமத்தை நீதிபதி வாங்கி, நாகலிங்கத்தின் கண்ணெதிரே மேசை இழுப்பறைக்குள் போட்டுப் பூட்டினார். பொய்ச்சாட்சி சொன்ன பொன்னுசாமிக்கும் சிறை. பாசத்தில் சொன்னேன் என்றார். பாசத்துக்குச் சட்டத்தில் தனிக் கதவு இல்லை.

தீர்ப்புச் சொன்ன நீதிபதியின் வார்த்தைகளை நானே மொழிபெயர்த்தேன், அதனால் அப்படியே சொல்கிறேன்: "இளைஞனே, நீ ஓட்டக் கற்றுக்கொண்டாய் என்பதால் மட்டும் இந்த உரிமம் உனக்குத் தரப்படவில்லை. சாலையில் முதுகு காட்டி வேலை செய்கிறவன், உன்னைத் திரும்பிப் பார்க்காமலே நம்புகிறான். அந்த நம்பிக்கைக்காகத் தரப்பட்டது."

வெளியே வந்தோம். மரத்தடியில் பாக்கியம் தனியாக நின்றாள். நம்மவர் யாரும் அவளோடு பேசவில்லை. 'சொந்த அண்ணனைக் காட்டிக் கொடுத்தவள்' என்றார்கள். ஆம், ஐயா, இங்கே இருக்கும் சிலரும் சொன்னீர்கள். கோபிக்காதீர்கள், உண்மைதானே? மாப்பிள்ளை வீட்டார் அந்த வாரமே சம்பந்தத்தை முறித்துக்கொண்டார்கள். தாயார் கோவிந்தம்மாள் மகளைக் கடந்து பத்தடி போனார். நின்றார். திரும்பி வந்து, தன் முந்தானையால் மகள் முகத்தைத் துடைத்து, கையைப் பிடித்து அழைத்துப் போனார்.

அப்போது இவெட் குறுக்கே வந்தாள். அவள் கிரியோலில் சொன்னதைத் தமிழில் சொல்கிறேன். "என் புருஷன் உயிரை உங்க வீடு எடுத்துச்சு. அவர் பேரை நீ திருப்பிக் குடுத்தே." அவ்வளவுதான் சொன்னாள். கட்டித் தழுவவில்லை. குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள்.

சிறையிலிருந்து வந்த நாகலிங்கம், முதல் ஞாயிற்றுக்கிழமையே இவெட் வீட்டுக்குப் போனார். கதவு திறக்கவில்லை. மறுபடி போனார். "உன் வீட்டுக்குப் போ" என்று உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது. அவள் மன்னித்துவிட்டாள் என்று சொல்லி உங்களை மகிழ வைக்க எனக்கும் ஆசைதான். மன்னிக்கவில்லை. இன்று வரை இல்லை. அதை அவளிடம் கேட்க எவருக்கு உரிமை? பாக்கியம் போய்த் தட்டினால் மட்டும் அந்தக் கதவு திறக்கிறது. கீரை கொண்டுபோகிறாள், அந்தப் பெண்களுக்குத் தலை வாரிவிட்டு வருகிறாள்.

நாகலிங்கம் கரும்பு வெட்டுகிறார். தான் ஓட்டிய லாரியில், வேறொருவன் ஓட்ட, சுமை ஏற்றுகிறார். "உரிமத்தைத் திரும்பக் கேட்டு மனுப் போடலாமே" என்று சொல்லிப் பார்த்தேன். "அந்தத் திருப்பம் வர்றப்ப இன்னும் கண்ணு மூடிக்குதுங்கய்யா" என்றார். சிறைக்கு ஒரு முடிவு உண்டு, தம்பிகளே. தண்டத்துக்கு ஒரு முடிவு உண்டு. இதற்கு முடிவு எங்கே?

பாக்கியம் இங்கேதான் இருக்கிறாள், தாய்மார்களுக்கு நடுவே. எங்கே என்று காட்ட மாட்டேன். காட்டக் கூடாது என்று வாக்கு வாங்கிக்கொண்டாள். தேடாதீர்கள்! தலையைத் திருப்பாதீர்கள்!

நான் மலைத்து நின்ற அந்தத் துணிவில் ஒரு துளி போதும் உங்களுக்கு. அவள் தன் அண்ணனை இழக்கத் துணிந்தாள். நான் கேட்பது அதுவா? இல்லை! நடந்து வீட்டுக்குப் போகும் துணிவைக் கேட்கிறேன். 'இன்றைக்குக் குடித்திருக்கிறேன், ஓட்ட மாட்டேன்' என்று கூட்டாளிகள் முன்னால் சொல்லும் துணிவைக் கேட்கிறேன். சிரிக்கட்டும்! சிரித்தவன் உனக்காகச் சிறைக்கு வருவானா? சிரித்தவன் செத்தவனை எழுப்பித் தருவானா?

இன்று பூஜைக்கு வந்த வழியில் சீனர் கடைக்குப் போனவர்கள் இங்கே உண்டு. நான் பெயர் கேட்கவில்லை. லாரியை முடுக்கும் இரும்புக் கைப்பிடியைக் கொண்டுவந்து இந்த மேசைமேல் வையுங்கள். அது இல்லாமல் எந்த எந்திரமும் உயிர்க்காது. நாளைக் காலை தெளிந்த தலையோடு வந்து தலைவரிடம் வாங்கிக்கொள்ளுங்கள். யாரும் ஒரு கேள்வி கேட்க மாட்டார்கள். என்ன தலைவரே? தலையாட்டுகிறார்!

யாரும் இல்லையா? காத்திருக்கிறேன்.

வழி விடுங்கள்... வழி விடுங்கள், அம்மா. வா, தம்பி. சிவப்புத் துண்டுத் தம்பியே வருகிறார்! தலை குனியாதே, நிமிர்ந்து வா. வை. இந்த ஓசை கடைசி வரிசைக்குக் கேட்டதா? யாரும் கை தட்டாதீர்கள், அவர் இறங்கிப் போகட்டும்... அதோ இன்னொருவர். அவருக்குப் பின்னால் இருவர். ஐயா, என் நா மறுபடியும் நின்றுவிடும் போலிருக்கிறதே!

நான் பேச வேண்டியது தீர்ந்தது. மேசை பேசத் தொடங்கிவிட்டது. இடம் தந்த கோயிலாருக்கும், பொறுமை தந்த பெரியோருக்கும், பிள்ளை தந்த தாய்மாருக்கும், இந்த இரும்பைத் தந்த இளைஞருக்கும் இரு கை கூப்பி நன்றி சொல்லி விடைபெறுகிறேன். சாலை நிலவில் வெளுத்துக் கிடக்கும், கூட்டமாக நடந்து போங்கள். வணக்கம்!